உயர்நிலைப் பள்ளியில் வினைத்திட்டக் கல்வி

முன்னுரை

ஒரு செயலின் எல்லையை வரையறுத்து, அதனைச் சிறுவினைகளாகப் பகுத்து, காலமும் பொருளும் ஆளும் ஒதுக்கி, இடையூறுகளை முன்னறிந்து, குறித்த நாளில் முடித்துக் கணக்கு ஒப்புவிக்கும் கலையை இன்று திட்ட மேலாண்மை என்பர். பொறியியற் கல்லூரிகளிலும் வணிகவியற் கல்லூரிகளிலும் பயிலப்பெறும் இக்கலையின் அடிப்படைகளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணாக்கர்க்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்னும் கருத்து ஏற்கத்தக்கதே. அங்ஙனம் அறிமுகப்படுத்துங்கால் எச்சொற்களைக் கொண்டு கற்பிப்பது என்னும் வினா எழுகின்றது. அது தமிழ்த்துறையினர் விடை கூறவேண்டிய வினாவாதலின் ஈண்டு ஆராயப்படுகின்றது. இக்கலையின் அடிப்படைக் கருத்துகளுட் பல, தமிழ் மாணவன் வாழும் சூழலிலும் அவன் கற்கும் இலக்கியத்திலும் முன்னரே உள்ளன. அவற்றிற்குப் பெயரிட்டு ஒழுங்குபடுத்திக் காட்டுவதே ஆசிரியரின் முதற்பணி என்பது நம் துணிபு.

வட்டாரமும் தேவையும்

சென்னையினின்று கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்கு அணித்தாய், பெரியபாளையம் செல்லும் சாலை பிரியுமிடத்து அமைந்தது புதுவாயல். ஆரணியாற்றுப் பாங்கரின் நெல்வயல்கள் ஒருபுறமும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகள் மறுபுறமுமாக விளங்கும் வட்டாரம் இது. இங்குள்ள சிற்றூர்களின் பிள்ளைகள் பலர் தமிழ்வழியிற் பயின்று, பின்னர் ஆலைகளிற் பணி நாடுவோர்.

ஆலையிற் பணிபுரிவோரை இருவகையாகப் பகுக்கலாம். வேலையின் வரிசையையும் நாளையும் வகுப்போர் ஒருவகையினர். வகுத்தபடி செய்வோர் மற்றொரு வகையினர். முதல்வகையினர் கையாளும் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவன. அவற்றின் உட்பொருள் தனக்குத் தெரிந்த ஒன்றே என்பதை உணராத இளைஞன், மொழி கண்டு அஞ்சி இரண்டாம் வகையிலேயே நின்றுவிடக்கூடும். கருத்தைத் தாய்மொழியில் முன்னரே கைவரப்பெற்றவனுக்கோ ஆங்கிலச் சொல் ஒரு பெயர் மாற்றமே ஆகும். ஆதலின் இக்கல்வி அவ்வட்டார மாணாக்கர்க்கு வாழ்க்கை வாயிலைத் திறப்பதொன்று என்க.

திட்டம் என்னும் சொல்

முதற்கண் திட்டம் என்னும் சொல்லை நோக்குவோம். 1951-இல் தொடங்கிய நாட்டின் முதல் ஐந்தாண்டு ஏற்பாட்டைத் திட்டம் என்கிறோம். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு ஏற்பாட்டையும் திட்டம் என்கிறோம். வீடு கட்டுமுன் வரையும் வரைபடமும், மாணவன் ஒப்படைக்கும் பயிற்சித் தாளும் அச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் ஆற்றும் பணியைத் தமிழில் ஒரு சொல் ஆற்றுகின்றது. பேச்சுவழக்கில் இதனால் இடர்ப்பாடு இல்லை. கலைக்கல்வியிலோ மயக்கம் விளைகின்றது.

இம்மயக்கத்தை நீக்கக் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஆகிய ஊர்களின் ஏரிகளை இணைத்து, சென்னைக் குடிநீருக்கென ஒரு நீர்த்தேக்கம் அமைக்கப்பெற்றது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. 2013-இல் தொடங்கிய அப்பணி நிறைவுற்று, 2020 நவம்பர் 21-இல் நீர்த்தேக்கம் நாட்டுக்கு அளிக்கப்பெற்றது. செலவு ஏறத்தாழ 380 கோடி ரூபாய். நீர்த்தேக்கத்தைக் கட்டியது தொடக்கமும் முடிவும் உடைய செயல். அதிலிருந்து நாடோறும் நீர் வழங்குவதோ முடிவு குறியாத செயல். சத்துணவு சமைத்தலும் அத்தகையதே. புதிய சமையற்கூடம் கட்டுதல் முன்னையதன் பாற்படும்.

முன்னையதனை வினைத்திட்டம் என்றும், பின்னையதனைத் தொடர்பணி என்றும் வழங்கலாம் என முன்மொழிகின்றோம். வினைத்திட்டம் என்பது குறளில் வரும் வினைத்திட்பம் என்பதனோடு ஒலியால் நெருங்கி மயக்கந் தருமே எனின், அற்றன்று. திட்பம் செய்வோனின் மனவுறுதி, திட்டம் செயலின் ஒழுங்கு என இரண்டனையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்க, ஒன்றால் மற்றொன்று விளக்கம் பெறும்.

குறள் காட்டும் நெறி

பொருட்பாலின் அரசியற் பகுதியில் தெரிந்துசெயல்வகை முதல் தெரிந்துவினையாடல் ஈறாக உள்ள ஆறு அதிகாரங்களும் (47–52), அமைச்சியலில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்னும் மூன்றும் (66–68) வினை பற்றியவை. மாணாக்கர் இவற்றுட் சிலவற்றை மனப்பாடச் செய்யுளாகக் கற்கின்றனர். அவற்றின் கருத்தை நிரல்படுத்தினால் வினைத்திட்டக் கல்வியின் பாடத்தலைப்புகள் பலவும் அமைந்துவிடுதல் காணலாம்.

தொடங்குமுன் அழிவது, ஆவது, பின்வரும் ஊதியம் ஆகியவற்றைக் கணக்கிடச் சொல்வது செலவு மதிப்பீடு. பொருள், கருவி, காலம் முதலிய ஐந்தனையும் ஐயமற எண்ணச் சொல்வது வளங்களின் ஒதுக்கீடு. முடிவு, இடையூறு, எய்தும் பயன் ஆகியவற்றை முன்னரே நோக்கச் சொல்வது இலக்கும் இடர்முன்னறிவும். இன்ன வினைக்கு இன்ன கருவியால் இன்னான் தக்கான் என ஆராய்ந்து அவனிடமே விடச் சொல்வது பொறுப்புப் பகிர்வு. வினையின் உள்ளியல்பை அறிந்தவனைக் கேட்கச் சொல்வது பட்டறிவாளரை நாடுதல். வினையில் எஞ்சியதனை அணையாத தீயின் எச்சத்தோடு ஒப்பிடுவது, பணியை முற்ற முடித்தலின் இன்றியமையாமை.

ஆயினும் வள்ளுவர் இக்கலை முழுவதையும் கூறிவிட்டார் எனப் பெருமை பேசுதல் ஆய்வு நெறி ஆகாது. அவ்வதிகாரங்கள் அரசனையும் அமைச்சனையும் நோக்கியவை; வினைசெயல்வகையின் இறுதிக் குறட்பாக்கள் பகைவரைப் பற்றிப் பேசுவன. எவ்வினை எவ்வினைக்குக் காத்திருக்கும், எதனை எதனோடு ஒருங்கே செய்யலாம் என்னும் கணக்கு அங்கில்லை. அது பிற்காலத்தது. குறள் தருவது சொல்லும் மனப்பாங்கும். கணக்குமுறையைப் புதிதாகவே கற்பித்தல் வேண்டும்.

கல்வெட்டுச் சான்று

கணக்கு ஒப்புவித்தலுக்குத் தொண்டைமண்டலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சிறந்த சான்றாகும். முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற அவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தேரும் முறையை விரிக்கின்றன. வாரியத்தார் 360 நாள் பணியாற்றி விலகுவர். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெறத் தகுதியற்றவர். பொறுப்புக்குக் கால எல்லையும், அதன் முடிவிற் கணக்கும் உண்டு என்னும் கருத்தை மாணாக்கர்க்கு உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டா.

காத்திருக்கும் வினையும் நெகிழ்நாளும்

வினைகளின் வரிசையைக் கோடுகளாற் காட்டும் அட்டவணையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் என்றி காண்ட் பரப்பினார். 1957-ஐ ஒட்டி டியூபாண்ட் நிறுவனத்தாரும், 1958-இல் போலாரிஸ் ஏவுகணைப் பணியிலீடுபட்ட அமெரிக்கக் கடற்படையினரும் வினைகளை வலைப்பின்னலாக வரைந்து, முழுப்பணியின் காலத்தை உறுதிசெய்யும் தொடரைக் கண்டறியும் முறைகளை வகுத்தனர். அம்முறையின் உட்கருத்து உழவர்க்குப் புதிதன்று. குறுகிய வயதுடைய நெல்லின் நாற்று, பறிக்கும் பருவம் எய்த ஏறத்தாழ 20 முதல் 25 நாள் ஆகும். நாற்று வளரும்வரை உழவர் வாளாவிருப்பதில்லை. அதற்குள் நடவு வயலை உழுது பரம்படிக்கின்றனர். உழவு இரண்டு நாள் தாழ்ந்தால் நடவு தாழாது. விதைப்பு இரண்டு நாள் தாழ்ந்தால் நடவும் தாழும். தாழ்ச்சியைத் தாங்கும் வினைக்கு உள்ள இடைவெளியை நெகிழ்நாள் என்றும், நெகிழ்நாள் சிறிதும் இல்லாத வினைகளின் கோவையை நெருக்கத் தொடர் என்றும் குறிக்கலாம்.

இதனை வகுப்பறையிற் கற்பிக்க, தமிழாசிரியர் மேற்பார்வையில் நடத்தக்கூடிய ஒரு வினைத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். புதுவாயலைச் சூழ்ந்த ஊர்களின் உழவுச் சொற்களைத் திரட்டிச் சிறு சொற்கோவை ஒன்று ஆக்குதல் அது. அதன் வினைகள் ஐந்தாகும்:

(அ) எல்லை வகுத்து வினாநிரல் அமைத்தல் – 4 நாள்.
(ஆ) உழவரைக் கண்டு சொற்களைத் திரட்டல் – 10 நாள்; (அ) முடிந்த பின்னரே தொடங்கும்.
(இ) உழவுக் கருவிகளின் படம் வரைதல் – 6 நாள். இதுவும் (அ) முடிந்த பின்னரே தொடங்கும்.
(ஈ) சொற்களை அகரநிரற்படுத்திப் பொருள் எழுதுதல் – 5 நாள். (ஆ) முடிதல் வேண்டும்.
(உ) படியெடுத்து நூலாகக் கட்டுதல் – 3 நாள். (இ), (ஈ) இரண்டும் முடிதல் வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யின் 28 நாள் ஆகும். படம் வரைதலையும் சொல் திரட்டலையும் இருவேறு குழுவினர் ஒருங்கே செய்யின் 22 நாளில் முடியும். (அ), (ஆ), (ஈ), (உ) என்பன நெருக்கத் தொடர். படம் வரைதல் 10ஆம் நாளிலேயே முடியக்கூடியது. நூல் கட்டுதல் தொடங்குவதோ 19ஆம் நாள் கழிந்த பின்னர். ஆதலின் படக்குழுவினர்க்கு 9 நெகிழ்நாள் உண்டு. இடையே மழை பெய்து உழவரைக் காண இயலாது மூன்று நாள் கழியுமாயின் நூல் 25ஆம் நாளுக்குத் தள்ளும். அப்போது படக்குழுவினருள் இருவரைச் சொற்குழுவிற்கு உதவ அனுப்பலாமா என மாணாக்கர் தாமே எண்ணத் தலைப்படுவர். அவ்வெண்ணமே இக்கல்வியின் பயன்.

பள்ளிகளில் இன்றைய நிலை

செயல்வழிக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. 1918-இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் செயல்திட்ட முறை பற்றி எழுதினார். 1937-இல் வார்தா மாநாட்டிற் காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கை உருப்பெற்றது. தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்புவரை கொண்டுவரப்பெற்ற முப்பருவ முறையில், நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டிற்கு ஒதுக்கப்பட்டது. பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் பாடநூலிலோ வலைப்பின்னற் கணக்கே இடம்பெற்றுள்ளது.

எனினும் இரு குறைகள் உள. வணிகக் கணிதம் பயிலாத மாணவன் அக்கணக்கைக் காண்பதே இல்லை; பயில்பவனும் எழுத்துகளுக்கிடையே உள்ள அம்புக்குறிகளாகவே அதனைக் காண்கின்றான், தான் செய்யும் வினையாகக் காண்பதில்லை. கீழ்வகுப்புகளிலோ செயல்திட்டம் என்பது, கடையில் வாங்கிய படத்தை அட்டையில் ஒட்டிக் குறித்த நாளில் ஒப்படைப்பதாகப் பல இடங்களிற் சுருங்கிவிடுகின்றது. முடிந்த பொருளுக்கு மட்டும் மதிப்பெண் இடுவதே இதற்குக் காரணம். பொருளை யார் செய்தார், எங்ஙனம் செய்தார் என்பதை அம்மதிப்பெண் அறியாது.

ஆதலின் மதிப்பெண்ணை நான்காகப் பகுத்தல் நன்று: தொடங்குமுன் எழுதிய திட்டத்தாளுக்கு ஒரு பங்கு, இடையில் நேர்ந்த மாற்றத்தைக் குறித்துத் திட்டத்தைத் திருத்தியதற்கு ஒரு பங்கு, முடிந்த பொருளுக்கு ஒரு பங்கு, செலவுக் கணக்கும், அடுத்த முறை எதனை மாற்றுவோம் என்னும் குறிப்பும் அடங்கிய நிறைவுத்தாளுக்கு ஒரு பங்கு. திட்டம் பிறழ்ந்ததற்காக மதிப்பெண் குறைத்தல் கூடாது. பிறழ்ச்சியை மறைத்தற்கே குறைத்தல் வேண்டும். தனிப் பாடவேளையோ புதுப் பாடநூலோ இதற்கு வேண்டா. பள்ளியில் நடைபெறும் இலக்கிய மன்ற விழாவும், மேனிலைப் பள்ளி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுமே போதிய களங்களாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திட்டம் என்னும் பொதுச்சொல்லின் மயக்கம் நீக்கப்பெறுதல் வேண்டும் என்பதும், எல்லை, இடையூறு, பயன், எச்சம் முதலிய சொற்களைக் குறளினின்றும், காத்திருத்தல், ஒருங்கே செய்தல் ஆகிய கருத்துகளை வயலினின்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும், நெகிழ்நாள், நெருக்கத் தொடர் போன்ற சில சொற்களை மட்டுமே புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் பெறப்படும். இச்சொற்களினும் பொருத்தமானவை கிடைப்பின் அவற்றையே கொள்ளலாம். கலைச்சொல்லின் தகுதியை முடிவுசெய்வது அகராதி அன்று. அதனைக் கேட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவன், பொருள் வினவாது வேலையைத் தொடங்குகின்றானா என்பதே அதற்குரிய தேர்வாகும்.