பாதி மூட்டு மாற்று: வயது சொல்வதும் சொல்லாததும்

"அம்மாவுக்கு 74 வயசாச்சு, இனிமே எதுக்கு ஆபரேஷன்?" என்கிறார் ஒரு மகன். 51 வயதுப் பெண்ணிடமோ, "இப்பவே மாத்தினா இன்னொரு தடவை மாத்த வேண்டி வரும், தள்ளிப் போடுங்க" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வயதைப் பார்த்தே முடிவு சொல்லிவிடுகிறார்கள். கால் வலிக்கிறவரை யாரும் கேட்பதில்லை.

முழங்காலில் மூன்று பகுதிகள் உண்டு: உள்பக்கம், வெளிப்பக்கம், சில்லுக்கு அடிப்பக்கம். தேய்மானம் ஒரு பக்கத்தோடு நின்று, ஜவ்வுகளும் உறுதியாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்; இதுதான் பாதி மூட்டு மாற்று. முடக்குவாதத்தால் வந்த பாதிப்புக்கு இது ஒத்துவராது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 82 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் கோசினும் ஸ்காட்டும் வகுத்த வரையறை வெகுகாலம் கோலோச்சியது. இன்று வயதை மட்டும் வைத்துப் பல மருத்துவர்கள் மறுப்பதில்லை.

அதற்காக வயது பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. முழு மூட்டு மாற்று செய்தவர்களைப் பற்றி 2017இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வைப் பாருங்கள். 70 வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போனது. பாதி மாற்றில் மறு அறுவை இன்னும் அதிகம். அங்கும் இளையவர்களுக்கே கூடுதல். வாழப்போகும் ஆண்டுகள் அதிகம், நடையும் உழைப்பும் அதிகம், மாற்றாமல் விட்ட பக்கமும் பின்னால் தேயலாம். மூத்தவர்களுக்குக் கணக்கு வேறு: முழு மாற்றைவிடப் பாதி மாற்றில் காயம் சிறியது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். 74 வயது அம்மாவுக்கு இதை யாராவது சொன்னார்களா?

மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். நின்றபடி எக்ஸ்ரே எடுத்தார்களா? படுத்தபடி எடுத்த படத்தில் தேய்மானத்தின் அளவு சரியாகத் தெரியாது. ஆண்டுக்கு எத்தனை பாதி மாற்று செய்கிறார்? அரிதாகச் செய்பவர்களிடம் மறு அறுவை கூடுதலாக வருகிறது. என் வயதுக்கு மறு அறுவை வாய்ப்பு எவ்வளவு?

அடுத்தது கையெழுத்து. முந்தின இரவு ஒப்புதல் படிவத்தை நீட்டுவார்கள். பெரியவர் சுயநினைவோடு கட்டிலில் இருக்க, மகன் வாங்கிப் போட்டுவிடுவார். இது செல்லாது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: முடிவெடுக்கும் நிலையிலுள்ள வயதுவந்தவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது, ஒன்றுக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு, உயிர் காக்கும் அவசரம் இல்லாமல், மற்றொன்றைச் செய்யக் கூடாது. மூட்டைத் திறந்தபின் முழு மாற்றே தேவை என்று தெரியலாம். அதற்கும் சம்மதமா என்பதைப் படிவத்திலேயே எழுதி, நோயாளியே கையெழுத்திட வேண்டும்.

முழங்கால் மூட்டு உபகரணங்களுக்கு 2017 ஆகஸ்ட் முதல் அரசின் உச்ச விலை உண்டு. நிறுவனப் பெயர், பேட்ச் எண், விலை ஆகியவற்றைப் பில்லில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

மறு அறுவை வந்ததாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகாது. சம்மதம் பெறாமல் செய்தாலோ, கவனக்குறைவு நடந்தாலோ 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.