கடைக் கணக்கைக் காப்பாற்றும் பெட்டி

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

ஊரைப் பார்த்தபடி நிற்கும் மலைக்கோட்டை. அப்புறம் பிரியாணி. இந்த இரண்டோடும் போட்டி போடுவது, பூட்டு!

மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று விதவிதமாகச் செய்து பெயர் வாங்கிய ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஊரில், இரவு கடையைச் சாத்தும்போது முதலாளி என்ன செய்கிறார்? ஷட்டரை இறக்குகிறார். இரண்டு பக்கமும் பூட்டுகிறார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார். சாவியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கிறது. ஆனால் சரக்கைவிடப் பெரிய சொத்து ஒன்று உள்ளே இருக்கிறது. அதுதான் கணக்கு! யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு நாம் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு. முன்பு அது தடித்த பேரேட்டில் இருந்தது. இப்போது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதற்கு என்ன பூட்டு?

தை மாதம் நின்றுபோன கம்ப்யூட்டர்

நாகல் நகரில் ஒரு நூல் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி ஒருவர். வயதான கணக்குப்பிள்ளை ஒருவர். பில் போடும் பெண் ஒருத்தி. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். கணக்கு எல்லாம் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரில், 'டாலி'யில் இருக்கிறது. சின்னாளபட்டி நெசவாளர்களுக்குக் கடனாகக் கொடுத்த நூலும் அதில்தான் இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை. கம்ப்யூட்டர் திறக்கவில்லை. உள்ளேயிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம்.

"அண்ணே, பென் டிரைவிலே காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று முதலாளி கேட்கிறார்.

"எடுத்தேன் முதலாளி. ஆடி மாசம் எடுத்தது."

ஆறு மாதக் கணக்கு போயிற்று! யார் எவ்வளவு பாக்கி என்று யாரைக் கேட்பது? பாக்கி வைத்தவரையா கேட்பது? நாணயமானவர் சொல்வார். மற்றவர்?

இது கற்பனைக் கடைதான். ஆனால் படிக்கும்போது 'இது நம்ம கடை மாதிரி இருக்கிறதே' என்று யாராவது துணுக்குற்றால், அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சட்டமும் சும்மா விடாது. ஜி.எஸ்.டி. கட்டும் வியாபாரி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்கு விவரங்களைப் பாதுகாத்து வைக்கவேண்டும். 72 மாதம் என்றால் ஆறு வருஷம்! கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குக்குத் தினமும் நகல் எடுத்து, அதை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள்.

எல்லோருக்கும் ஒரு பெட்டி

இதற்கு வழி என்ன? 'நாஸ்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. 'நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கம் அது. பெயரைக் கண்டு மலைக்கவேண்டாம். நமது பித்தளைச் சாப்பாட்டுத் தூக்கை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உள்ளே இரண்டு டிஸ்க். நான்கு டிஸ்க் போடும் பெட்டியும் உண்டு. கடையில் இன்டர்நெட்டுக்காக வைத்திருக்கிற ரூட்டரில் இதை ஒரு வயரால் இணைத்துவிட்டால் போதும். மூன்று கம்ப்யூட்டரும் இந்த ஒரே பெட்டியில் எழுதும், இந்த ஒரே பெட்டியிலிருந்து படிக்கும். பழைய காலத்தில் ஒரே பேரேட்டை எல்லோரும் பார்த்த மாதிரி.

ஆனால் பேரேட்டில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுக்கலாம். பில் போடும் பெண் பில்லை மட்டும் பார்ப்பாள். சம்பளக் கணக்கு அவள் கண்ணில் படாது. முதலாளி பெயரில் எல்லோரும் நுழைவது, அந்த ரகசியச் சொல்லைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டிவைப்பது, இதெல்லாம் கூடாது. (ஒட்டியிருப்பதை நான் நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன்.)

இரண்டு டிஸ்க் எதற்கு? ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தால் மற்றது வேலை செய்யும். கடை நிற்காது. செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் போட்டால், பெட்டி தானே நகல் எடுத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயர். வருமான வரிக்காரர்கள் வந்துவிட்டார்களோ என்று யாரும் பதறவேண்டாம்! 1988-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர், பல சின்ன டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி வேலை வாங்கும் முறைகளை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் அது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "இரண்டு டிஸ்க் இருக்கிறதே, இனி என்ன பயம்?" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டும் இருப்பது ஒரே பெட்டியில். கணக்குப்பிள்ளை தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டியைத் திருடன் தூக்கினால் இரண்டும் போகும். தீப்பிடித்தால் இரண்டும் கருகும்.

தென் கொரியாவில் அதுதான் நடந்தது. 2025 செப்டம்பர் 26-ந் தேதி, டேஜான் நகரில் இருந்த அரசாங்கக் கம்ப்யூட்டர் நிலையத்தில் பாட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த பொதுக் கிடங்கு எரிந்தது. 858 டெராபைட்! 'ரொம்பப் பெரிது' என்று அதற்கு வெளியே நகல் எடுக்கவில்லை. வருஷக்கணக்கில் செய்த வேலை சாம்பலாயிற்று.

தமிழர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அச்சில் வந்த புத்தகத்தை வேறு ஊரில் தேடி வாங்கலாம். வேறு பிரதியே இல்லாத ஓலைச் சுவடிகளை எங்கே போய்த் தேடுவது?

கைக்குழந்தையால் பிழைத்த படம்

குழந்தைகளுக்கு 'டாய் ஸ்டோரி' பொம்மைப் படம் தெரியும். அதன் இரண்டாம் பாகம் 1999-ல் வந்தது. அது வராமலே போயிருக்கவேண்டியது!

1998-ல் பிக்சார் கம்பெனியில் அந்தப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் தவறான ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டார். கண்ணெதிரே ஃபைல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி காணோம்.

"பரவாயில்லை, நகல் இருக்கிறதே!" என்று அதை எடுத்தார்கள். நகல் சரியாகப் பதிவாகவே இல்லை!

அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒன்று நினைவு வந்தது. அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் நகல் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். உடனே காரில் போனார்கள். அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார்கள். படம் பிழைத்தது.

கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களைக் காப்பாற்றியது, வேறொரு வீட்டில் இருந்த ஒரு நகல்!

இதையே கம்ப்யூட்டர்காரர்கள் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று கணக்காகச் சொல்கிறார்கள். எந்தக் கணக்கும் மூன்று பிரதிகளாக இருக்கவேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும்.

நமது நூல் கடைக்கு இதை எப்படிப் பொருத்துவது? நாஸ் பெட்டியில் இருப்பது முதல் பிரதி. வாரா வாரம் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து முதலாளி வீட்டுப் பீரோவில் வைப்பது இரண்டாவது. இன்டர்நெட் வழியாகத் தினமும் இரவில் வெளியூர்ச் சர்வருக்கு அனுப்புவது மூன்றாவது. அனுப்புமுன் ரகசியச் சொல் போட்டுப் பூட்டித்தான் அனுப்பவேண்டும். அந்த ரகசியச் சொல்லைத் தொலைத்தால் நமக்கும் கணக்கு கிடைக்காது. காகிதத்தில் எழுதி நகைப் பெட்டியில் வையுங்கள்.

முதல் தடவை அனுப்பும்போது பொறுமை வேண்டும். 100 ஜிகாபைட் கணக்கை, வினாடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் ஏற்ற ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். அதற்குப்பிறகு அன்றன்று மாறியது மட்டும் போகும். நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பணம் கேட்கும் திருடன்

2022 நவம்பர் 23-ந் தேதி. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி. காலையில் நோயாளிகளின் பெயரைப் பதிய முடியவில்லை. யாரோ தூர இருந்துகொண்டு ஆஸ்பத்திரியின் சர்வர்களுக்குள் நுழைந்து, ஃபைல்களை யாராலும் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டார்கள்! ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் பூட்டப்பட்டது. ஊழியர்கள் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று.

எப்படிச் சீராயிற்று தெரியுமா? பாதிக்கப்படாத நகல் சர்வர் ஒன்று இருந்தது. அதிலிருந்து எடுத்துப் புதுச் சர்வர்களில் போட்டார்கள் என்று அரசாங்கம் பார்லிமெண்டில் தெரிவித்தது.

'எய்ம்ஸ் எங்கே, என் கடை எங்கே' என்று எண்ணாதீர்கள். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற திருட்டுக் கூட்டம் குறிவைத்தது இதே நாஸ் பெட்டிகளைத்தான். வீட்டிலும் சின்ன ஆபீசிலும் இருந்தவை. ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டார்கள். அகப்பட்டவை எல்லாம் இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருந்த பெட்டிகள்!

ஆகவே, வீட்டுக்குக் கொண்டுபோகும் டிஸ்க்கை நகல் எடுத்ததும் கழற்றிவிடவேண்டும். எப்போதும் செருகியே இருந்தால் திருடன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். பெட்டிக்கு வரும் திருத்தங்களையும் உடனுக்குடன் ஏற்றவேண்டும்.

வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. மகன் சென்னையில் இருக்கிறான். ராத்திரி கணக்கு பார்க்க ஆசை. பார்க்கலாம். ஆனால் எப்படி என்பதில்தான் அபாயம்.

ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிடுவது சுலபமான வழி. செட் பண்ண வருகிறவர்கள் சிலர் ஐந்து நிமிஷத்தில் அதைச் செய்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மகனுக்குத் திறந்த வாசல், ஊர் உலகத்துக்கே திறந்த வாசல்!

சரியான வழி 'வி.பி.என்.' ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு சுரங்கப் பாதை உண்டு என்று பாட்டிமார் கதை சொல்வார்களே, அதுபோல. மகனின் லேப்டாப்புக்கும் கடைக்கும் நடுவே ஒரு தனிப் பாதை. நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. 'வயர்கார்டு' என்ற முறை இதற்குப் பிரபலம். சில இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே விலாசத்தைக் கொடுக்கின்றன. அங்கே வெளியிலிருந்து கடையைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது 'டெயில்ஸ்கேல்' போன்றவை உதவும். அதில் இரண்டு பக்கமும் வெளியே வந்து சந்தித்துக்கொள்ளும்.

இன்னொன்று. டாலிக் கணக்கைச் சென்னைக்கு இழுத்துத் திறக்காதீர்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் கணக்கு கெட்டுப்போகலாம். வி.பி.என். வழியாகக் கடைக் கம்ப்யூட்டரின் திரையை மட்டும் அங்கே பாருங்கள். கணக்கு கடையிலேயே இருக்கட்டும்.

போனில் யாரோ பேசி, "பாங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள், அந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்றால் வைத்துவிடுங்கள். இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது.

பஞ்சும் மின்சாரமும்

பெட்டியை எங்கே வைப்பது? சாமி படத்துக்குக் கீழே வேண்டாம். விளக்கு எண்ணெயும் விபூதியும் விழும். மூடிய அலமாரியிலும் வேண்டாம். சித்திரை வெயிலில் டிஸ்க் வெந்துபோகும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை ஆபீஸ்களில் பஞ்சுத் தூசி வேறு. பெட்டியின் விசிறியில் பஞ்சு அடைத்தால் காற்று போகாது. மாதம் ஒரு முறை துடைக்கவேண்டும்.

யு.பி.எஸ். இல்லாமல் நாஸ் வைப்பது வீண். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கணக்கு பாதியில் நிற்கும். யு.பி.எஸ்.ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு சின்ன வயர் போடலாம். பாட்டரி தீரப்போகிறது என்று அது சொல்ல, பெட்டி எழுதுவதை முடித்துத் தானே அணைந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் நமது மாவட்டம் வழியாகப் போனபோது பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எந்த யு.பி.எஸ்.ஸும் தாங்காது. ஒழுங்காக அணைந்திருந்தால், கரண்ட் வந்ததும் ஒழுங்காகத் திறக்கும்.

செலவு? பெட்டி, டிஸ்க், யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து ஒரு புது ஸ்கூட்டர் விலைக்குள் முடித்துவிடலாம்.

வாங்கி வைத்த பிறகுதான் முக்கியமான வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும். பிக்சார்காரர்கள் அதைத்தான் செய்யவில்லை.

நமது நூல் கடையில் இப்போது சனிக்கிழமை மாலை ஆறு மணி. கணக்குப்பிள்ளை நகல் எடுத்து முடித்தார். போன பங்குனி மாதத்துப் பில் ஒன்றை அதிலிருந்து திறந்தார். சின்னாளபட்டிக்குப் போன நூல், மூட்டை எண்ணிக்கை, பாக்கித் தொகை எல்லாம் சரியாக இருந்தன. டிஸ்க்கைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டார்.

"முதலாளி, பையை மறந்துடாதீங்க" என்றார்.

முதலாளி பையை வாங்கிக்கொண்டார். ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.