தெரிந்தவர் செய்தாலும் குற்றம்தான்

‘இருட்டிய பிறகு வெளியே போகாதே, முன்பின் தெரியாதவரோடு பேசாதே’ என்றுதான் பெண்பிள்ளைகளை எச்சரிக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகள் வேறொன்றைச் சொல்கின்றன. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், அண்டைவீட்டார், நண்பர், காதலர், முதலாளி.

எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. உதவி செய்து நெருங்குவார். வேண்டாத கேலி, தற்செயல்போல ஒரு தொடுதல் என்று எல்லையைச் சோதிப்பார். யாரும் தட்டிக்கேட்காவிட்டால் அடுத்த அடி வைப்பார். பிறகு, ‘வெளியே சொன்னால் உன் பேர்தான் கெடும்’ என்பார்.

‘ஏன் கத்தவில்லை?’

அதிர்ச்சியில் உடல் உறைந்துபோவது இயல்பு. நம்பியவரே தாக்கும்போது நடப்பதைப் புரிந்துகொள்வதற்கே நேரமாகும். எதிர்த்துப் போராடவில்லை என்பதற்காக மட்டும் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

எது சம்மதம்?

சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கு இடமின்றி, தானே விரும்பித் தெரிவிப்பதுதான் சம்மதம். மௌனம் சம்மதம் ஆகாது. அச்சத்திலோ, நினைவு தப்பிய போதையிலோ கிடைப்பதும் ஆகாது. காதலிப்பதாலோ முன்பொருமுறை இணங்கியதாலோ இன்றைக்கும் உரிமை வந்துவிடாது. 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. உறவினரோ ஆசிரியரோ பொறுப்பிலுள்ளவரோ வன்புணர்வு செய்தால் 10 ஆண்டு முதல் எஞ்சிய ஆயுள் முழுவதும் சிறைத்தண்டனை உண்டு.

தடுப்பது எப்படி?

‘வேண்டாம்’ என்றால் அங்கேயே நிற்க வேண்டும் என்பதை ஆண்பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லித்தர வேண்டும். மாமாவே ஆனாலும், பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. விருந்திலோ அலுவலகத்திலோ ஒருவர் ஒரு பெண்ணைத் தனியே ஒதுக்கிக் கூட்டிப்போவது உறுத்தினால், உடனிருப்பவர்கள் குறுக்கிட வேண்டும்.

நடந்துவிட்டால்?

முதலில் பாதுகாப்பான இடம். பிறகு மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எடுப்பதையும் தாமதிக்கக் கூடாது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தருவது அவற்றின் சட்டக் கடமை. கூடுமானால் பரிசோதனைக்கு முன் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கலாம். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று காரணம் காட்டி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. உதவிக்குப் பெண்கள் 181, குழந்தைகள் 1098, அவசரத்துக்கு 112.

பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் முதலில் வாய்திறப்பது வீட்டாரிடமோ தோழியிடமோதான். அவரைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ‘உன்னை நம்புகிறேன், தப்பு உன்மேல் இல்லை’ என்று சொல்லுங்கள். குடும்ப மானத்துக்காகப் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். வன்புணர்வு வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம்.