முதற் சொல்

வெளியூர்களில் வளரும் நம் பிள்ளைகள் கடைத்தெருவில் இந்தியும், கல்லூரியில் ஆங்கிலமும், அண்டை வீட்டில் மராத்தியோ வங்காளமோ தட்டின்றிப் பேசுகின்றனர். ஆயினும், மனத்துக்கு இனிய ஒருவரிடம் முதற் சொல் பேசவேண்டிய வேளையில் அவர்களுக்கு எம்மொழியும் கைகொடுப்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது.

இதற்குக் காரணம் கூச்சம் மட்டுமன்று. மாதுங்காவாயினும் கரோல்பாக்காயினும் நம்மவர் கூடும் இடங்கள் சிலவே. கோயிலிலும் கச்சேரியிலும் சங்க விழாவிலும் அதே முகங்கள். இருவர் பேசுவதை ஒரு மாமி கண்டால், அவர்கள் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிடும். இவ்வச்சத்தால் எத்தனையோ பேர் வாய் திறவாமலே இருந்து, ஒருநாள் அவர் திருமண அழைப்பிதழைக் கையில் வாங்குகின்றனர். மறுத்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். கேளாமலே விட்டது நெடுங்காலம் உறுத்தும்.

நம் முன்னோர் இவ்விடரை அறியாதவரல்லர். காதலியின் தோழியிடம் பேச்சைத் தொடங்கும் தலைவன் ஊரையும் பெயரையும் தான் இழந்த பொருளையும் வினவுவான் என்று தொல்காப்பியம் கூறுகிறது. நானூறு பாடல்கள் கொண்ட திருக்கோவையாரில் தலைவன் யானை வந்ததா என்கிறான். மான் வந்ததா என்கிறான். பின் வழியையும் ஊரையும் பெயரையும் கேட்கிறான். அவன் தேடுவது யானையன்று என்பதைத் தோழி கண்டுகொள்கிறாள். அதனால் என்ன? பேச்சுத் தொடங்கிவிட்டதன்றோ!

இதில் நாம் கற்பதற்கு ஒன்றுண்டு. முதற் சொல் காதலை உரைக்கவேண்டியதில்லை. விடை கூற எளிதான, விலகிச் செல்லவும் இடந்தருகிற ஒரு சிறு கேள்வியே போதும். இன்று யானையைத் தேடவும் வேண்டா. "உங்களுக்கு எந்த ஊர்?" என்பது அயலூரில் தமிழர் எவரும் எவரையும் கேட்கும் கேள்வி. சங்க நூலகத்தில், "பொன்னியின் செல்வன் அடுத்த பாகம் உங்களிடமா இருக்கிறது?" என்று கேட்கலாம். அந்நூல் ஐந்து பாகங்களாக இருப்பது நல்லதாயிற்று! பெண்கள் முதலில் பேசினாலும் குறைவொன்றுமில்லை.

கேட்டபின் செவி கொடுப்பதே பெரிது. வள்ளுவர் குறிப்பறிதலுக்குப் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் வைத்தார். மலர்ந்த முகத்துடன் மறுகேள்வி வந்தால் உரையாடல் வளரும். ஒரு சொல்லில் விடை தந்து முகம் திருப்பினால் வணங்கி விலகுக. விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்வது 2013ஆம் ஆண்டு முதல் தனிக் குற்றமாயிற்று. இன்றைய பாரதிய நியாய சம்ஹிதையின் 78ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. நம் கூச்சத்தை வெல்வது வேறு. பிறர் மறுப்பை வெல்ல முனைவது வேறு. முன்னது துணிவு, பின்னது கொடுமை.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விழாவில் இளைஞர் இருவர் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், அதனைக் கண்டும் காணாதவராய்ப் பாயசத்தைப் பரிமாறுங்கள். வீட்டாருக்குச் சொல்லத்தக்க செய்தி ஏதேனும் இருப்பின், அதனை அவர்களே வந்து சொல்வார்கள்.