கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா?

மாலை ஆறு மணி. வெயில் தணிந்து, விளையாட ஏற்ற நேரம். தோட்டத்துத் திடலில் பிள்ளைகளின் கூச்சல் கேட்ட நேரமும் இதுதான். இன்று பல தாமான் வீடுகளில் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே பிள்ளை கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறது. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் அதைப் பிடுங்குகிறார்கள். பிள்ளை அழுகிறது. மறுநாளும் இதே கதைதான்.

இதில் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் வந்தது. இன்றும் பல வகுப்புகளின் வீட்டுப்பாடம் புலனக் குழுவில்தான் வருகிறது. பாடம், விளையாட்டு, நண்பனின் குரல் மூன்றும் ஒரே கருவியில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து, "எப்பப் பாரு போனு" என்று திட்டும்போதுதான் சண்டை முளைக்கிறது.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம்? 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மணிக்கணக்கு எதையும் வகுக்கவில்லை. பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறைக்கவும், 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடவும் சொல்கிறது.

ஆகவே, கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமானால், இரவு ஒன்பதுக்கே தூங்கியிருக்க வேண்டும். பள்ளிக்கும் போக்குவரத்துக்கும் 7 மணி நேரம். குளியல், சாப்பாட்டுக்கு 2. வீட்டுப்பாடம், டியூஷனுக்கு 2. விளையாட்டுக்கு 1. வீட்டு வேலைக்கும் குடும்பத்தோடு பேசுவதற்கும் 1. மீதம் இருப்பது 2 மணி நேரம்தான். இதைப் பிள்ளையையே தாளில் எழுதச் சொல்லுங்கள். தானே போட்ட கணக்கை அது எளிதில் மீறாது.

பாடத்துக்கான நேரம் வேறு, பொழுதுபோக்கு நேரம் வேறு என்று பிரித்து வையுங்கள். புலனத்தில் வந்த வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டதும் கைப்பேசி மேசைக்குத் திரும்பட்டும். இரவில் அது படுக்கை அறைக்குள் போகக்கூடாது. வரவேற்பறையில்தான் சார்ஜ் ஏற வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகளின் ஃபேமிலி லிங்க் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தினசரி வரம்பையும் இரவுப் பூட்டையும் அமைத்துவிடலாம். ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் சென்றால், இந்த விதிகள் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நட்பின் கதை வேறு. ஆறாம் ஆண்டு முடிந்ததும் தமிழ்ப்பள்ளி நண்பர்கள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். லயத்தில் ஒன்றாக வளர்ந்தவன் குடும்பத்தோடு ஜொகூருக்குப் போயிருப்பான். அவனோடு பேசும் அரை மணி நேரமும், முகம் தெரியாதவர்களின் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே போகும் அரை மணி நேரமும் ஒன்றல்ல. முதலாவதைத் தண்டனையாகப் பறித்தால், புதுப் பள்ளியில் ஏற்கெனவே தனித்து நிற்கும் பிள்ளை இன்னும் தனிமைப்படும்.

ஆனால் திரை நட்பு மட்டும் போதாது. கைப்பேசியை வாங்கி வைத்த பிறகு பிள்ளை எங்கே போகும், யாரோடு விளையாடும் என்பதையும் பெற்றோரே யோசிக்க வேண்டும். ஒரே தாமானில் இருக்கும் மூன்று குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு, மாலை ஐந்தரை முதல் ஏழு வரை முறை வைத்து ஒரு பெரியவர் திடலில் நின்றால் போதும். ஒரு பந்தோ இரண்டு பூப்பந்து மட்டைகளோ இருந்தால் பிள்ளைகள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில் திடலோரம் நிற்கும் பெரியவர், தம் கைப்பேசியையும் சட்டைப்பைக்குள் வைத்திருக்கட்டும். பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதைவிட நம் கையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.