மறைவில் நிற்கும் செயற்கூறுகளுக்குக் குறிப்பு எதற்கு?

கணினி நிரல் இயற்றும் நம் மாணவர் பலர், பிறர் அழைத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகளுக்கு மட்டும் விளக்கம் எழுதிவிட்டு, அவற்றுக்குள் நின்று ஏவல் புரியும் சிறு துணைச் செயற்கூறுகளை வெறுமனே விட்டுவிடுகின்றனர். பயனர் காணாத பகுதிக்கு விளக்கம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அது எவ்வளவு தூரம் செல்லுமென்பதை அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களின் பெயர்களைக் கொண்டே ஆராயலாம்.

ஒரு கலாசாலை தன் பழைய மாணவரை ஊர்வாரியாகப் பிரிக்கும் மென்பொருட் பொதியொன்றை இயற்றுவதாக வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்தைச் சிலர் இராஜபாளையம் என்றும், சிலர் இராசபாளையம் என்றும் எழுதுவர். இவற்றை ஒன்றாக்கும் செயற்கூறு குறிப்பின்றியே விளங்கும். வேற்றுமை கண்ணுக்குத் தெரிகிறதன்றோ? ஸ்ரீவில்லிபுத்தூரின் நிலை வேறு. அதன் முதலில் நிற்கும் ஸ்ரீ, கணினிக்குள் 4 குறியெண்கள் அடங்கிய கோவை. முன்னர் அக்கோவை ஸகரத்தின் எண்ணாகிய 3000-இல் தொடங்கிற்று. 2005-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு 4.1-ஆம் பதிப்பு, ஶ என்னும் எழுத்துக்கு 2998 என்ற எண்ணை வழங்கியபின், அதைக்கொண்டு தொடங்குவதே முறை என்றாயிற்று. பழைய வழக்கோ ஒழியவில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே வடிவாய்த் தோன்றும். கணினி அவற்றை இரண்டு ஊர்களாக எண்ணும். யூனிகோடின் பொது இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. இரண்டையும் நிகராகக் கொள்ளுதல் வேண்டும் என்று அறிவுரை கூறுவதோடு அத்தரநூல் நின்றுவிடுகிறது. (இன்னும் சிறிது உறுதியாய்ப் பேசியிருக்கலாம்.)

ஆகவே, பொதியின் உள்ளே பழைய கோவையைப் புதியதாக மாற்றும் செயற்கூறு ஒன்று இருத்தல் அவசியம். அதனை எழுதியவர் பட்டம் பெற்றுச் சென்றபின், அடுத்து வரும் மாணவர் திரையில் என்ன காண்பார்? ஸ்ரீயை ஸ்ரீயாகவே மாற்றும் ஒரு வரி! பிரயோசனமற்றதென்று அதை நீக்கிவிடுவார். பிழைச்செய்தி யாதும் எழாது. பின்னொரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்களுக்குக் கூட்ட அழைப்பு அனுப்புங்கால், பழைய முறையில் பதிவான பெயர்கள் மட்டும் விடுபட்டுப்போகும். கலாசாலை நம்மை மறந்தது போலும் என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

பைத்தான் மொழியில் நிரல் எழுதும் நடையை வகுத்த பெப் 8 என்னும் 2001-ஆம் ஆண்டு ஆவணம், உட்செயற்கூறுகளுக்கு முறையான விளக்கவுரை கட்டாயமன்று, அவை செய்வதைக் கூறும் குறிப்பேனும் வேண்டும் என்கிறது. செய்வதைக் கூறினால் மட்டும் போதாதென்பது எம் கருத்து. அதனை ஏன் செய்ய நேர்ந்தது, நீக்கினால் எது கெடும் என்பவையே பின்வருபவருக்கு வேண்டியவை. ஆர் மொழிக்குரிய ராக்சிஜன் கருவியில், இத்தகைய குறிப்பைப் பயனர் கையேட்டில் சேர்க்காது நிரலின் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ள வழியுண்டு. கையேடு பெருத்துவிடுமென்ற அச்சம் வேண்டா.

குறிப்பு எழுதுங்கால் எழுத்துக்களை மட்டும் காட்டினால் அங்கும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின் 3000, 2998 என்னும் எண்களையே எழுதுக. ஊர்ப்பெயரை இருவகையாகவும் இட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றையும் உடன் வைத்து, அச்செயற்கூறு நீக்கப்பட்டால் அச்சோதனை தோல்வியுறும்படி அமைத்திடுக.