உள்ளங்கையில் தெரியும் இதய நோய்: தீவுகளுக்கு எட்டுமா பரிசோதனை?

புதுதில்லி: விளையாடிக் கொண்டிருந்த இளைஞர் மைதானத்திலேயே சரிந்து இறந்தால், மாரடைப்பு என்றே பெரும்பாலும் முடிவு கட்டப்படுகிறது. ரத்தக் குழாயில் அடைப்பே இல்லாமல், இதயத் தசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களில் உள்ள குறையாலும் இத்தகைய மரணம் நேரக்கூடும். அந்தக் குறையை உலகுக்கு உணர்த்தியது ஒரு சிறு தீவு. அந்தமான் நிகோபார் தீவுகளை நேரடியாக நிர்வகிக்கும் மத்திய அரசுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தில், தசைச் செல்கள் முனையோடு முனை இணைந்துள்ளன. கேட்ஹெரின் வகைப் புரதங்கள் கால்சியத்தின் துணையுடன் அடுத்த செல்லைப் பற்றிக் கொள்கின்றன. பிளாக்கோகுளோபின், டெஸ்மோபிளாக்கின் போன்றவை அந்தப் பிடியைச் செல்லின் உட்கட்டமைப்போடு இணைக்கின்றன. இப்பிணைப்பு தளர்ந்தால் செல்கள் விலகி மடிகின்றன. அவ்விடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் படிகின்றன. மின்தூண்டல் சீராகப் பரவாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. கடும் உடற்பயிற்சி ஆபத்தை மேலும் கூட்டுகிறது.

கிரேக்க நாட்டின் நக்ஸோஸ் தீவுக் குடும்பங்களில் காணப்பட்ட இந்நோயை 1986-ல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். பிளாக்கோகுளோபின் மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்பது 2000-ல் தெரியவந்தது. இதே புரதம் தோலுக்கும் தேவை என்பதால், இதயம் பாதிக்கப்படும் முன்பே குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துவிடுகின்றன. தலைமுடி கம்பளி போல் சுருண்டிருக்கும்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். எனவே, சிறு சமூகங்களிலும் நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களிலும் வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் முடிப்பது தமிழர்களிடையே இன்றும் வழக்கில் உள்ளது. அந்தமானில் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். நிகோபாரின் கச்சால் தீவில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் குடியமர்த்தப்பட்டனர்.

ஓங்கி, ஜாரவா பழங்குடியினருக்குச் சுருள்முடி இயல்பானது. அதை மட்டும் கொண்டு நோய் என்று கருதக் கூடாது. தடித்த உள்ளங்கை, அடிக்கடி மயக்கம், குடும்பத்தில் இளவயது மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தகையோருக்கு முதலில் தேவைப்படுபவை இ.சி.ஜி.யும் எக்கோ பரிசோதனையும்தான். முன்கூட்டியே கண்டறிந்தால் மருந்து, உடலுழைப்பில் கட்டுப்பாடு, தேவையெனில் உடலுக்குள் பொருத்தும் அதிர்வுக் கருவி மூலம் உயிரைக் காக்க வழியுண்டு.

ஆனால், கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் 500 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. அங்கிருந்து சென்னைக்கு மேலும் 1,000 கி.மீ.க்கு மேல் கடல் கடக்க வேண்டும். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வெளியானபோது அறிவிக்கப்பட்ட 8 சிறப்பு மையங்களில் ஒன்றுகூட இத்தீவுகளில் இல்லை. கிழக்குக் கரையில் கொல்கத்தா மட்டுமே இடம்பெற்றது.

அந்தமான் நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான். ஆகவே இத்தீவுகளின் சுகாதாரத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. பள்ளி மருத்துவப் பரிசோதனையில் குழந்தையின் உள்ளங்கையைப் பார்ப்பதற்கும், குடும்பத்தின் இளவயது மரணங்களைக் கேட்டுப் பதிவு செய்வதற்கும் பெரும் நிதி தேவையில்லை. சந்தேகத்துக்குரிய குழந்தையை உரிய காலத்தில் கடல் தாண்டி அழைத்துச் செல்லும் ஏற்பாடுதான் தேவை. அதைச் செய்ய வேண்டியது தில்லி.